ஃபார்முலா 4: ஒரே கார், ஒரே என்ஜின், பிறகு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

ஃபார்முலா 4 பந்தயத்தின் கிரிட்டில் (தொடக்க வரிசையில்) நிற்கிற எல்லாக் கார்களும் ஒரே அச்சில் வார்த்தவை. இந்தியத் தொடரில் ஓடுவது பிரான்சின் மான்யி-கூரில் இருக்கும் மிகால் நிறுவனத்தின் எம்21-எஃப்4. கார்பன் ஃபைபர் மோனோகாக் (ஓட்டுநரைச் சுற்றியிருக்கும் ஒரே துண்டு உடற்கூடு), தலைக்கு மேல் ஹேலோ வளையம், முதுகுக்குப் பின்னால் அல்பைன் பெயரில் வரும் 1.3 லிட்டர் டர்போ என்ஜின், 174 குதிரைத்திறன், ஸ்டியரிங்கிலேயே விரலால் தட்டி மாற்றும் ஆறு கியர். என்ஜினுக்கு சீல், அதை இயக்கும் கணினியான ஈசியூவுக்கு சீல். ஏபிஎஸ் இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. காசு கொட்டி வேகம் வாங்கும் வழிகளையெல்லாம் விதிப்புத்தகம் அடைத்துவிட்டது. கார்ட்டிங் முடித்த 15 வயதுப் பையனோ பெண்ணோ ஃபார்முலா 3 நோக்கி ஏறுவதற்கான முதல் படி இது. ஒரு தேசியத் தொடரில் சாம்பியன் ஆனால் சூப்பர் லைசன்ஸுக்கு (ஃபார்முலா 1 ஓட்டுநர் உரிமம்) 12 புள்ளி கிடைக்கும். ஃபார்முலா 1-க்குத் தேவை 40.

இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் ஒரு கார் முன்னால் போகிறது, இன்னொன்று பின்தங்குகிறது. பாதிக் காரணம் ஓட்டுநர். மீதிப் பாதி, காரைத் தயார் செய்கிறவர்கள் எதை, எந்த நிலையில், எந்த வரிசையில் அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒரே மாதிரி கார் என்று சொல்வது தொழிற்சாலை வாசல் வரைக்கும்தான் பொருந்தும். நான்கு புஷ்ராட் (சக்கரத்தின் அசைவை ஸ்பிரிங் பக்கம் கடத்தும் கம்பி), நான்கு டயர், ஒரு சீட் என்று கை வைக்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றும் வேறு காராகிவிடும்.

சீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அது தவறு. ஓட்டுநரின் எடை எங்கே உட்காருகிறது என்று முடிவாகாமல் வேறு எந்த அளவும் நிலைக்காது. ஃபோம் சீட் வார்க்கும்போது ஓட்டுநர் பந்தய உடை, ஷூ, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹேன்ஸ் எல்லாம் போட்டிருக்க வேண்டும். முதலில் பெடல் தூரத்தைச் சரிசெய்யுங்கள். பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் பலம் இடுப்பைப் பின்னால் தள்ளுவதில் போய்விடும், பெடலுக்குப் போகாது. பிறகு கெட்டியான பையை காக்பிட்டில் விரித்து, ஃபோமுக்கான இரண்டு திரவத்தையும் கலந்து அதில் ஊற்றி, ஓட்டுநரை உட்கார வைத்து, பெல்ட்டை இறுக்கி, இறுகும் வரை அசையாமல் வைத்திருக்க வேண்டும்.

இங்கே நம் ஊர் வெயில் ஒரு வேலை செய்யும். வெப்பம் கூடினால் ஃபோம் வேகமாகப் பொங்கும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் குளிர்ந்த அறைக்கானது. 35 டிகிரியில் ஓட்டுநர் சரியாக உட்காருவதற்குள்ளேயே அது தடித்து, இடுப்பை ஒரு விரல் உயரம் தூக்கிவிடும். அதனால் திரவங்களை ஐஸ் பெட்டியில் குளிர வைத்து, இரண்டு தவணையாக ஊற்றுவது நல்லது. முதலில் இடுப்புக்கும் தொடைக்கும், அது இறுகிய பிறகு முதுகுக்கும் விலாவுக்கும். விலாப்பகுதி இறுக்கமாக இல்லாத சீட்டில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு திருப்புவார். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் அது இரண்டாவது பந்தயத்துக்குள் கையைச் சோர வைத்துவிடும். 'கார் திரும்ப மாட்டேன் என்கிறது' என்று வரும் புகாரில் கொஞ்சம் சீட்டுப் புகாரும் கலந்திருக்கும்.

குறைந்தபட்ச எடை ஓட்டுநரையும் சேர்த்துத்தான் கணக்கு. 55 கிலோ ஓட்டுநருக்கும் 75 கிலோ ஓட்டுநருக்கும் உள்ள 20 கிலோ வித்தியாசத்தை ஈயமோ இரும்புத் தகடோ போட்டு ஈடுகட்ட வேண்டும். எடை சமம் என்றாலும் நிலை சமம் இல்லை. தகடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும், உடம்போ அதைவிட உயரத்தில் இருக்கும். எடை தாழ இருப்பது வளைவில் காருக்கு நல்லது என்பதால் ஒல்லியான ஓட்டுநருக்கு இது சத்தமில்லாமல் கிடைக்கும் லாபம். தகடு போடும் இடம் விதியில் வரையறுத்த இடமாக இருக்கட்டும், போல்ட்டுகளில் மார்க்கர் கோடு போட்டு வையுங்கள். மோதலில் கழன்ற 10 கிலோ தகடு காக்பிட்டுக்குள் பறப்பதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

இனி செட்டப் மேடை. வரிசை முக்கியம்: டயர் அழுத்தம், ரைடு ஹைட் (தரையிலிருந்து காரின் உயரம்), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்), கார்னர் வெயிட் (ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடை), அதன் பிறகு மறுபடி எல்லாவற்றையும் ஒரு முறை. ஒன்றை மாற்றினால் மற்றது நகரும் என்பதால்தான் மறுசுற்று. கேம்பருக்காக அப்ரைட்டின் (சக்கரத்தைத் தாங்கும் துண்டு) மேல் இணைப்பில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் டோவும் மாறும். டோவை முதலில் அழகாக வைத்துவிட்டு கேம்பருக்குப் போகிறவர் இரண்டு முறை வேலை செய்கிறார், அல்லது தப்பான டோவோடு காரை வெளியே அனுப்புகிறார்.

கேம்பரை ஷிம்மின் கணக்காகப் புரிந்துகொண்டால் பிட்டில் நேரம் மிச்சம். அப்ரைட்டில் மேல், கீழ் இணைப்புகளுக்கு இடையே 200 மி.மீ. இருந்தால் 1 மி.மீ. ஷிம் ஏறத்தாழ 0.29 டிகிரி. உங்கள் காரில் அந்தத் தூரத்தை அளந்து, ஷிம் பெட்டியின் மூடியிலேயே கணக்கை எழுதி ஒட்டிவிடுங்கள். டோவை நூல் கட்டி ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் அளப்பது பழைய முறை. இன்றும் அதைவிட நம்பகமானது எனக்குத் தெரியாது. 13 அங்குல ரிம்மில் முன்னுக்கும் பின்னுக்கும் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 0.17 டிகிரி. நூல் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சக்கரத்தை வைத்து நூலைக் கட்டிவிட்டு, பிறகு அதே நூலை வைத்துச் சக்கரத்தை அளந்தால் தப்பு தப்பாகவே திரும்பி வரும். பின் சக்கரங்களின் டோவில் கண்டிப்பு காட்டுங்கள். முன் டோ கொஞ்சம் விலகினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், ஓட்டுநர் உடனே சொல்லிவிடுவார். பின் டோ ஒரு பக்கம் மட்டும் விலகினால் கார் நேர்ச்சாலையிலேயே லேசாகப் பக்கவாட்டில் ஓடும். அதை அவர் 'பின்பக்கம் பயமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்வார், எதனால் என்று சொல்லத் தெரியாது.

கார்னர் வெயிட்டில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஆனால் அவசரத்தில் முதலில் விடப்படுவதும் இதுதான். நான்கு தராசும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தரை பார்வைக்குத் தட்டையாக இருப்பது போதாது, நீர்மட்டக் குழாயோ லேசரோ வைத்து 1 மி.மீ.க்குள் கொண்டு வாருங்கள். ஓட்டுநர் உடையோடு சீட்டில், கை ஸ்டியரிங்கில். எரிபொருள் பந்தயத்தின் நடுவில் இருக்கும் அளவு. டயர் சூடான நிலையில் இருக்கும் அழுத்தத்தில். ஸ்டியரிங் நேராகப் பூட்டியிருக்க வேண்டும். இடது, வலது சக்கரங்களை இணைத்து கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி-ரோல் பார் இரண்டுக்கும் ஒரு பக்க இணைப்பைக் கழற்றி விட வேண்டும். இது முக்கியம். பார் இணைந்திருந்தால் அதில் ஏற்கெனவே இருக்கும் முறுக்கு தராசில் எடையாகக் காட்டும், நீங்கள் இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பீர்கள். காரை மேலும் கீழும் அழுத்தி விட்டு, டேம்பர் (ஷாக் அப்சார்பர்) அடங்கிய பிறகு எண்ணைப் படியுங்கள். இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றாக வந்தால்தான் அது எண்.

உதாரணத்துக்கு ஓட்டுநரோடு மொத்தம் 670 கிலோ: முன் இடது 140, முன் வலது 146, பின் இடது 196, பின் வலது 188 என்று வைத்துக்கொள்வோம். முன் இடதையும் பின் வலதையும் கூட்டினால் 328, மொத்தத்தில் 49 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. மறு மூலைவிட்டம் 342. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் இந்தக் கார் வலது வளைவில் பின்பக்கம் வழுக்கும், இடது வளைவில் முன்பக்கம் தள்ளும். ஓட்டுநர் இரண்டையும் சொன்னதும் குழப்பத்தில் இறக்கையைத் திருகுகிறார்கள். இறக்கை இரு பக்கத்துக்கும் பொது, ஒரு பக்க நோயை அது தீர்க்காது. ஒரே செட்டப்பில் வலது, இடது வளைவுகளில் கார் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்ற புகார் வந்தால் நேரே தராசுக்குப் போங்கள்.

திருத்தும்போது ஒரே புஷ்ராட்டைத் திருகாதீர்கள். முன் இடதை மட்டும் நீட்டினால் எடை வரும், கூடவே அந்த மூலையின் உயரமும் கூடும், காரின் மட்டம் கெடும். முன் இடதும் பின் வலதும் கால் சுற்று நீளட்டும், முன் வலதும் பின் இடதும் கால் சுற்று குறையட்டும். உயரம் பெரும்பாலும் அப்படியே நிற்க, மூலைவிட்டம் மட்டும் நகரும். முன்னுக்கும் பின்னுக்கும் ராக்கர் (புஷ்ராட்டின் அசைவை ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் நெம்பு) விகிதம் வேறு என்பதால் முழுக்கச் சமமாக இருக்காது, கடைசியில் உயரத்தை ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ராட் எண்ட் (கம்பி முனையில் இருக்கும் மூட்டு) சாய்ந்து இறுகிவிடாமல் நடுவில் பிடித்து இறுக்குங்கள். சாய்ந்து இறுகிய ராட் எண்ட் சஸ்பென்ஷன் அசையும்போது முட்டும், பிறகு வளையும், பிறகு முறியும்.

ஓட்டுநர் மாறினால் இது மொத்தமும் மறுபடி. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் டேங்கில் 20 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 15 கிலோ, அது குறைந்தால் எடையின் பங்கீடு நகரும். அதனால்தான் பந்தயத்தின் நடுவில் இருக்கும் அளவில் அளக்கிறோம்.

ரைடு ஹைட்டைப் பற்றி ஒரே விஷயம். இந்தக் காரில் முன் இறக்கையும் காரின் அடித்தட்டும் சேர்ந்துதான் பிடிப்பு தருகின்றன. பின்பக்கத்தை 1, 2 மி.மீ. தூக்கினாலே முன் இறக்கை தரையை நெருங்கி, வேக வளைவில் சமநிலை முன்னால் நகரும். பின் இறக்கையைத் தொடாமலே ஓவர்ஸ்டியர் (பின்பக்கம் வழுக்குவது) வரும். ஆகவே ரைடு ஹைட்டை சஸ்பென்ஷன் அளவாகப் பார்க்காமல் இறக்கை அளவாகவே பாருங்கள்.

டயருக்கு வருவோம். டயரை முன்கூட்டிச் சூடாக்கும் போர்வைக்கு இந்த வகைப் பந்தயத்தில் அனுமதி இல்லை, ஒரு வாரயிறுதிக்கு இத்தனை புது டயர்தான் என்ற வரம்பும் உண்டு. அதனால் அழுத்தம்தான் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். கணக்கு பள்ளிப் பாடம்தான்: மூடிய காற்று, வெப்பம் கூடினால் அழுத்தம் கூடும். 35 டிகிரியில் 15 பிஎஸ்ஐ வைத்து அனுப்பிய டயர், உள்காற்று 85 டிகிரி ஆகும்போது கிட்டத்தட்ட 20 பிஎஸ்ஐ காட்டும்.

இப்போது அதே டயர் பிட்டில் வெயிலில் கிடந்து 50 டிகிரிக்கு ஏறியிருக்க, அதில் 15 வைத்தால் என்ன ஆகும்? 85 டிகிரியில் 18 பிஎஸ்ஐ சொச்சம்தான் வரும். அதாவது காரின் வெயில்பட்ட பக்கமும் நிழல்பட்ட பக்கமும் ஒரே எண்ணைக் காட்டி வெளியே போய், டிராக்கில் ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசத்தோடு ஓடும். சென்னைக்கு அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் மதியப் பந்தயத்துக்கு நிற்கும் கார்களில் இது சர்வ சாதாரணம். டயரை நிழலில், எல்லாம் ஒரே வெப்பத்தில் வைத்து அளக்க வேண்டும். முடியாவிட்டால் ஒவ்வொரு டயரின் வெப்பத்தையும் குறித்து, 10 டிகிரி கூடுதலாக இருந்தால் 1 பிஎஸ்ஐ கூட்டி என்று ஈடு கொடுத்து வையுங்கள்.

கடலோர ஊரில் ஈரப்பதம் இன்னொரு எதிரி. கம்ப்ரசர் டேங்கில் தேங்கும் தண்ணீர் டயருக்குள் போனால் சூட்டில் ஆவியாகி, மேலே சொன்ன கணக்கையும் தாண்டி அழுத்தத்தை ஏற்றும், அதுவும் நான்கு டயரில் நான்கு மாதிரி. உலர்ந்த நைட்ரஜன் சிலிண்டர் இருந்தால் நல்லது. டயரை நிரப்பி, காலி செய்து, மறுபடி நிரப்புங்கள், உள்ளே முதலில் இருந்த ஈரக் காற்று அப்போதுதான் வெளியேறும். சிலிண்டர் இல்லையென்றால் குறைந்தது கம்ப்ரசரின் வடிகால் வால்வைக் காலையும் மதியமும் திறந்து விடுங்கள். அணியில் ஒரே ஒரு அழுத்த மானியை வைத்து எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மானிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே அபூர்வம்.

கார் உள்ளே வந்ததும் ரப்பருக்குள் ஊசி இறங்கும் வெப்பமானியால் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி மேல்தோலை மட்டும் பார்க்கும், பிட் பாதையில் மெதுவாக வருவதற்குள் அது ஆறிவிடும். நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்வது) இருப்பதால் உள் விளிம்பு கொஞ்சம் சூடாக இருப்பது இயல்பு. நடு மட்டும் தனியாகச் சூடாக இருந்தால் அழுத்தம் அதிகம். இரு விளிம்பும் சூடாகி நடு ஆறியிருந்தால் குறைவு. மழை டயரில் இந்த விளையாட்டே மாறும். ஈரத் தரையில் டயர் அவ்வளவு சூடாகாது, அழுத்தமும் 2 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் ஏறும். ஆகவே அதே 20 வேண்டுமென்றால் 18-ல் அனுப்ப வேண்டும். இலக்கு எண் என்ன என்பதை டயர் நிறுவனம்தான் சொல்லும், இங்கே நான் போட்டிருப்பது கணக்கு புரிவதற்காக.

பிரேக்கில் புதுப் பேடைப் பழக்காமல் பந்தயத்துக்கு அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. எட்டு, பத்து முறை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்து, சக்கரம் பூட்டாமல், நடுவில் ஆற நேரம் விட்டு, கடைசியில் ஒரு சுற்று பிரேக்கே தொடாமல் உள்ளே வர வேண்டும். டிஸ்கில் ஒரே சீரான சாம்பல் படலம் இருக்க வேண்டும். திட்டுத் திட்டாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிரும், டிஸ்க் கோணல் என்று நினைத்து நல்ல டிஸ்கைத் தூக்கி எறிவார்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். திறந்த பாட்டிலை அடுத்த வாரயிறுதிக்கு எடுத்து வைக்கவே கூடாது. பெடல் மெத்தென்று போனால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். பிரேக் பயாஸ் (முன், பின் பிரேக்குகளுக்கு இடையே பலத்தின் பங்கீடு) ஓட்டுநர் கையில் இருக்கிறது: மழை வந்தால் எடை முன்னால் சாய்வது குறையும், பயாஸைப் பின்னால் கொண்டு போகச் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸில் கியர்களைப் பூட்டும் பல் வளையங்களான டாக் ரிங்குகள்தான் தேயும். வடிகால் பிளக்கில் இருக்கும் காந்தம்தான் உள்ளே நடப்பதைச் சொல்லும். மாவு போல மெல்லிய சாம்பல் பசை இயல்பு, முக்கோணச் சில்லு வந்தால் டாக்கின் முனை உடைந்திருக்கிறது. திறந்து பார்க்காமல் ஓட்டினால் அடுத்து கியரே பல் இழக்கும். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் ரேடியேட்டரும் ரப்பர் துணுக்கையும் காய்ந்த புல்லையும் வாங்கி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றடித்து எடுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் ஆழமாகப் போகும். டர்போ என்ஜினில் உள்ளிழுக்கும் காற்று சூடானால் நேர்ச்சாலை வேகம் குறையும், சீல் வைத்த என்ஜின் மீது பழி விழும்.

சென்னையில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருப் பாதையில் இரவில் இந்தக் கார்கள் ஓடின. முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன பந்தயம் அது. 3.7 கி.மீ. நிரந்தரப் பாதையான இருங்காட்டுக்கோட்டையின் செட்டப்பை அப்படியே தெருவுக்குக் கொண்டுபோக முடியாது. அண்ணா சாலை பேருந்துகள் ஓடும் சாலை. அங்கே மேடுபள்ளம், பாலத்து இணைப்பு, வெள்ளைக் கோடு எல்லாம் உண்டு. ரைடு ஹைட்டை ஏற்ற வேண்டும், விதி அனுமதிக்கிற ஸ்பிரிங்குகளில் மென்மையானதை எடுக்க வேண்டும், டேம்பரின் அமுக்க எதிர்ப்பைக் குறைக்க வேண்டும். சக்கரம் தரையை விட்டு எழும் ஒவ்வொரு கணமும் பிடிப்பு பூஜ்யம். ஓடு பாதைக்கு வெளியே சறுக்கி நிற்க இடம் கிடையாது, சுவர்தான். அதனால் கொஞ்சம் அண்டர்ஸ்டியர் (வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுவது) இருக்கும் காரே இளம் ஓட்டுநருக்கு வேகமான கார் என்பது என் உறுதியான கருத்து. நம்பி ஓட்ட முடியாத காரில் தராசும் நூலும் தந்த ஆதாயம் எல்லாம் வீண்.

காரின் சென்சார்கள் பதிவு செய்யும் டேட்டாவில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் அழுத்தக் கோடு. இறக்கை இருக்கும் காரில் வேகம் அதிகமாக இருக்கும்போதுதான் பிடிப்பும் அதிகம். ஆகவே முதல் மிதி முழு பலத்தோடு, பிறகு வேகம் குறையக் குறைய காலைத் தளர்த்த வேண்டும். கோடு செங்குத்தாக ஏறி, சரிவாக இறங்க வேண்டும். கார்ட்டிங்கிலிருந்து வருகிறவர்களுக்குக் கோடு தலைகீழாக இருக்கும்: மெதுவாக ஏறி, வளைவின் வாசலில் உச்சம். இறக்கையும் சஸ்பென்ஷனும் இல்லாத, பெரும்பாலும் பின் பிரேக் மட்டுமே இருந்த வண்டியில் பழகிய கால் அது. அந்த உச்சத்தில் முன் சக்கரம் பூட்டி, டயரில் தட்டைப் புள்ளி விழும். அதைச் செட்டப்பால் மறைக்கப் பார்த்து பயாஸைப் பின்னால் தள்ளினால் அடுத்த வளைவில் கார் சுழலும். ஒரே மாதிரி கார்கள் என்பதன் பெரிய வசதியே இங்கேதான். அணியின் வேகமான ஓட்டுநரின் கோட்டை மேலே போட்டு ஒப்பிடலாம், 'அவன் என்ஜின் வேறு' என்ற சாக்கு செல்லாது. ஸ்டியரிங் கோட்டையும் கூடவே பாருங்கள். ஒரே வளைவில் ஒருவர் அதிகம் திருப்பிக் குறைந்த வேகத்தில் போகிறார் என்றால் முன் டயரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், பத்து சுற்றுக்குப் பிறகு அந்த டயர் அதைக் காட்டும்.

உரசலோ மோதலோ நடந்துவிட்டால் கண்ணை நம்பாதீர்கள். சஸ்பென்ஷன் கையை வளைத்து நேராக்கி மாட்டுவது கிடையவே கிடையாது, மாற்றத்தான் வேண்டும். மோனோகாக்கில் ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து ஒவ்வொரு ரிம்முக்கும் உள்ள தூரத்தை, கார் நன்றாக இருக்கும்போதே அளந்து எழுதி வைத்திருந்தால், பிட்டில் ஐந்து நிமிடத்தில் எந்த மூலை நகர்ந்திருக்கிறது என்று தெரியும். புஷ்ராட்டைத் தட்டையான கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரியும். டோ லிங்க் வெளிப்பார்வைக்கு நேராக இருந்தும் ராட் எண்டின் கழுத்தில் முடிபோல விரிசல் விட்டிருக்கும். துடைத்து, விரிசல் காட்டும் சாயம் அடித்துப் பாருங்கள். மோனோகாக்கில் சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்களைச் சுற்றி ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். 'டிக் டிக்' என்று வந்துகொண்டிருந்த ஒலி ஓரிடத்தில் மங்கி 'தப்' என்று கேட்டால் உள்ளே கார்பன் அடுக்கு பிரிந்திருக்கிறது. பெயின்ட்டில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஒலி மாறிய எல்லையைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, காரை ஓரமாக நிறுத்தி, தொழில்நுட்ப அதிகாரியைக் கூப்பிடுங்கள். அடுத்த பந்தயத்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றாலும்.